காவிரிக்கரை முத்தலங்களும் செவிவழிச் செய்தியும்

சேரர்தம் மேல்கடற் பட்டினமாகிய முசிறி வேறு. காவிரியின் வடகரையில் குளித்தலைக்கு எதிரே உள்ள முசிறி வேறு. பெயரொற்றுமை கண்டு மயங்குவார் இன்றும் உளர். இம்முசிறிக்கு மேற்கே திருவீங்கோய்மலை நிற்கின்றது. தென்கரையில் குளித்தலையை அடுத்துக் கடம்பந்துறையும், அதற்குத் தெற்கே ஐயர்மலை என வழங்கும் வாட்போக்கியும் உள்ளன. ஈங்கோய்மலையைத் திருஞானசம்பந்தரும், ஏனையிரண்டையும் திருநாவுக்கரசரும் பாடியருளினர்.

காலையிற் கடம்பரையும், நண்பகலில் வாட்போக்கிச் சொக்கரையும், அந்தியில் ஈங்கோய்நாதரையும் ஒரே நாளில் வழிபடுதல் சிறப்பென்பது அப்பக்கத்தார் வழக்கு. கார்த்திகைச் சோமவாரங்களில் அடியார் பலர் இதனை மேற்கொள்வர். இம்முறை தேவாரப் பதிகங்களிற் சொல்லப்பட்டதன்று. பாடிய ஆசிரியர் இருவர். பதிகங்களோ தனித்தனி நிற்பன. அவற்றை ஒரு பகலில் தொடுத்து வைத்தது ஊரார் நாவேயாம்.

இரு மலைகளையும் ஏறியிறங்கிக் காவிரியையும் கடத்தல் எளிதன்று. பாலம் அமையுமுன் ஓடமும் பரிசிலுமே துணை. எத்துறையிற் கடப்பது, வெள்ளக் காலத்து யாது செய்வது, எங்கே தங்குவது என்பனவெல்லாம் நடந்து பழகியோர் அறிவு. தலபுராணங்கள் அகத்தியர் ஈயுருக் கொண்டு ஈங்கோய்நாதரை வழிபட்டதைப் பாடும். அந்திக்குள் அம்மலையை அடைவதெங்ஙனம் என்பது அவற்றின் கருத்தன்று. பாலம் வந்தபின் அவ்வறிவைக் கேட்பாரும் அருகினர்.

வாட்போக்கியிலும் இங்ஙனமே. அம்மலைமேற் காகம் பறவாது என்பர். பால்குடத்தைக் கவிழ்த்த காகம் எரிந்துபட்டது என்னும் கதையைப் படியேறும் சிறாரும் சொல்வர். இறைவன் அபிடேகத்திற்குக் காவிரிநீரை நாடோறும் சுமந்தேறும் தொண்டும் அங்கு உண்டு. கதை ஏட்டில் ஏறிவிட்டது; சுமப்போரின் வழிநடையும், இளைப்பாறுமிடமும், சொல்வழக்கும் ஏறினவோ?

செவிவழிச் செய்தி என இகழ்தல் சைவர்க்கு எவ்வாற்றானும் பொருந்தாது. தில்லையில் கறையான் தின்றெஞ்சிய ஏடுகளினின்று திருமுறைகள் கிடைத்தன. பண்களோ ஏட்டிற் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையாரைக் கொண்டே அவை வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு தராததை மரபு தந்தது.

பிற்காலத்தும் இம்முயற்சி நிகழ்ந்தது. 1821இல் மறைந்த காலின் மெக்கன்சி, ஊர்தோறும் ஆளனுப்பிக் கைபீதுகள் தொகுப்பித்தார். வாட்போக்கிக் கலம்பகம் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், பழகியோரை உசாவியறிந்தவற்றையும் அதிற் சேர்த்தார். அவர் கேட்டெழுதாவிடின் அவற்றுட் பல அவரோடு மறைந்திருக்கும்.

எழுதுங்கால் புலவர்க்கு ஓர் இடர் உண்டு. ஊரார் சொல்லைக் கேட்ட அளவிலே இலக்கணத்திற்கு இயையத் திருத்துவர். கதை புராணத்தொடு மாறுபடின் புராணத்தின்வழி நிறுத்துவர். இஃது ஏட்டைக் காக்கும் பொருட்டு எழுத்தை அழித்தல் போலும். முசிறிக் கரையார் சொல்வதும் குளித்தலைக் கரையார் சொல்வதும் வேறுபடின் இரண்டையும் சொல்லியவாறே எழுதி, சொன்னவர் ஊரும் தொழிலும் அகவையும் கேட்ட நாளும் குறித்தல் வேண்டும். நூலொடு ஒப்புநோக்கல் அதன்பின்னரே.