பாட்டி வைத்துப்போன தங்கக் காசு: விற்கும் முன் அதன் மதிப்பை நீங்களே கணக்கிடுவது எப்படி?

வேலை ஓய்வு வந்துவிட்டது. தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாப்பாவிலோ ஈப்போவிலோ ஒரு வீடு பார்த்தாகிவிட்டது, முன்பணம்தான் குறைகிறது. அப்போதுதான் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வருகிறது. சேலை மடிப்புக்குள் இரண்டு தங்கக் காசுகள். ஒன்றில் குதிரை மேல் ஒருவர் அரக்கப் பாம்பைக் குத்துகிறார். இன்னொன்றில் ஒரு மான்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த பல தமிழ்க் குடும்பங்களுக்கு இது அந்நியமான காட்சி அல்ல. "இதுக்கு எவ்வளவு தேறும்?" என்ற கேள்வியோடு நேராக நகைக் கடைக்குப் போய்விடுகிறோம். அங்கே சொல்லும் தொகைதான் விலை என்று நம்பிவிடுகிறோம். ஆனால் வீட்டிலேயே, ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, அந்தக் காசில் எத்தனை வெள்ளிக்குத் தங்கம் இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டு காசு, இரண்டு கதை

குதிரைவீரர் இருப்பது பிரிட்டிஷ் சவரன். நாம் 'பவுன்' என்று சொல்கிற அளவுக்கு மூலமே இந்தக் காசுதான். 'சவரன்' என்ற சொல்லும் இதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற சிற்பி வடித்த புனித ஜார்ஜ் உருவம் 1817 முதல் சவரன்களில் இடம்பெற்று வருகிறது.

இது மலாயாவுக்கு எப்படி வந்தது? 1906-ல் அன்றைய நீரிணைக் குடியேற்ற டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டது. அதாவது 7 சவரனுக்கு 60 டாலர். அந்தக் கணக்கில் சவரன் சட்டப்படி செல்லுபடியாகும் பணமாகவும் இருந்தது. ஜே.ஏ. ரஸல் 1929-ல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் காசு மலாயாவில் புழங்கியது. ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தவையும் உண்டு, காசு மாலையில் கோத்தவையும் உண்டு.

மான் இருப்பது 'கிஜாங் எமாஸ்'. மலேசியாவின் முதலீட்டுத் தங்க நாணயம், 2001 ஜூலை 17-ல் வெளியிடப்பட்டது. மானுக்கு மறுபக்கம் செம்பருத்திப் பூ. 1 அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என மூன்று அளவுகள். அவற்றில் முறையே 200, 100, 50 ரிங்கிட் என்று அச்சிடப்பட்டிருக்கும்.

இங்கேதான் முதல் குழப்பம். அந்த 200 ரிங்கிட் அதன் விலை அல்ல. அது சட்டத்துக்காகப் போடப்படும் முகமதிப்பு, அவ்வளவுதான். தங்கத்தின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். "காசுல 50 வெள்ளின்னுதானே போட்டிருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கு இதுதான்

மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: காசின் எடை, தங்கத்தின் தூய்மை, இன்றைய கிராம் விலை.

புதிய சவரனின் எடை 7.988 கிராம். ஆனால் அது 22 காரட், அதாவது ஆயிரத்துக்கு 916.7 பங்குதான் தங்கம். மீதி பெரும்பாலும் செம்பு. ஆக, சுத்தத் தங்கம் 7.322 கிராம்.

கிஜாங் எமாஸ் 999.9 தூய்மை, 24 காரட். தங்கத்தை நிறுக்கும் டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். (சமையல் பொருளுக்குச் சொல்லும் அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டையும் குழப்பினால் கணக்கில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.) கால் அவுன்ஸ் என்றால் 7.776 கிராம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தராசில் சவரன்தான் கனம். தங்கம் அதிகம் இருப்பதோ கால் அவுன்ஸ் கிஜாங்கில். கணக்கு எளிதாக வர, சுத்தத் தங்கம் கிராமுக்கு 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணம் மட்டுமே. விற்கும் நாளின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். சவரனில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு 3,661 ரிங்கிட். கால் அவுன்ஸ் கிஜாங்கில் 3,888 ரிங்கிட். கைக்கு லேசாக இருப்பதில் 227 ரிங்கிட் கூடுதல்.

கடைப் பலகையில் இருக்கும் பொறி

நகைக் கடைப் பலகையில் 999 விலை, 916 விலை என்று இரண்டு எழுதியிருப்பார்கள். முதலில், அது கடை உங்களுக்கு விற்கும் விலை. நீங்கள் கேட்க வேண்டியது, "நீங்க வாங்குற விலை என்ன?" என்பதை.

அடுத்தது பலரும் கவனிக்காதது. 916 விலை என்றாலே அதில் தூய்மைக்கான கழிவு ஏற்கெனவே போய்விட்டது. மேலே சொன்ன உதாரணத்தில் 916 விலை கிராமுக்குச் சுமார் 458 ரிங்கிட். அதைக் காசின் முழு எடையான 7.988-ஆல் பெருக்க வேண்டும். அதே 3,661 வரும். 916 விலையையே எடுத்துக்கொண்டு, "சுத்தத் தங்கம் 7.32 கிராம்தானே இருக்கு" என்று பெருக்கினால் 3,356-தான் வரும். ஒரே கழிவை இரண்டு முறை எடுத்ததில் 305 ரிங்கிட் காணாமல் போகிறது. வேண்டுமென்றே செய்தாலும் தெரியாமல் செய்தாலும் நட்டம் உங்களுக்குத்தான். 999 விலை என்றால் சுத்தத் தங்க எடை, 916 விலை என்றால் முழு எடை. இதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.

கடைக்காரருக்கும் வாடகை, சம்பளம், லாபம் உண்டு. தங்கத்தின் முழு மதிப்பையும் யாரும் தரமாட்டார்கள். எவ்வளவு கழிக்கிறார் என்பதுதான் கேள்வி. அவர் சொல்லும் தொகையை உங்கள் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 3,661-க்கு 3,100 தருகிறேன் என்றால், ஏறக்குறைய 15 சதவீதம் கழிக்கிறார். அந்தச் சதவீதத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கலாம். மலையில் நகைக் கடைகள் குறைவு. தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ எப்படியும் ஒரு நாள் செலவாகும் என்றால், முதல் கடையிலேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறத் தேவையில்லை. கிளம்பும் முன் போன் போட்டு, "சவரன் காசு எடுப்பீங்களா, எவ்வளவு கழிப்பீங்க?" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

கிஜாங் எமாஸ் என்றால் உங்கள் கை கொஞ்சம் பலம். அதன் விற்கும் விலை, வாங்கும் விலை இரண்டையும் பேங்க் நெகாரா தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வாங்கும் விலை. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சிறிய காசில் விகிதப்படி அதிகம் என்பதையும் கவனிப்பீர்கள். இந்த நாணயம் முதலில் மேபேங்க் கிளைகள் வழியாக விற்பனைக்கு வந்தது. ஆனால் எல்லாக் கிளையிலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியாது, எந்தக் கிளை வாங்கும் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டாம். கீறல் விழுந்தால் விலை குறையலாம். வாங்கிய ரசீது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காசுக்குப் பழமைக்காக விலை கூடுமா?

பெரும்பாலும் கூடாது. சவரன்கள் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சாதாரணக் காசுகள் தங்க மதிப்பை ஒட்டித்தான் போகும். "நூறு வருஷக் காசு, லட்சம் போகும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஏமாறாதீர்கள்.

ஆனாலும் விற்கும் முன் ஒரு பூதக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. ஐந்தாம் ஜார்ஜ் காசில், ஆண்டுக்கு மேலே, குதிரைக்குக் கீழே உள்ள தரையில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கலாம். அது எந்த ஊர் அச்சுச்சாலை என்பதைச் சொல்லும். 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்பர்ன், 'பி' பெர்த். 'ஐ' என்றால் இந்தியா. பம்பாயில் 1918-ல் மட்டுமே அச்சடித்தார்கள். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். 1917-ல் லண்டனில் அச்சான காசு மிக அரிது, தங்க மதிப்பைவிடப் பல மடங்கு போகும். அரிது என்பதாலேயே அதற்குப் போலியும் அதிகம். அப்படி ஒன்று கையில் இருந்தால் நகைக் கடைக்குக் கொண்டுபோகாமல், நாணயச் சேகரிப்பாளர்களோடு தொழில் செய்பவரிடம் முதலில் காட்டுங்கள்.

புளி போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் போடுவது வேண்டவே வேண்டாம். சேகரிப்பாளர் பார்ப்பது மேல்தோலைத்தான். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கு அந்தக் கூடுதல் மதிப்பு ஏறக்குறையப் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். வளையத்தின் எடையும் பற்றவைப்பின் எடையும் காசின் எடையோடு சேராது. அவற்றின் தூய்மை வேறாக இருக்கக்கூடும்.

நிஜக் காசுதானா?

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு அதிக விலை இல்லை. சவரனின் குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். முலாம் பூசிய பித்தளை என்றால், அதே அளவில் எடை பாதியளவுதான் வரும். கழுத்தில் கிடந்து தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். பிரிட்டனிலேயே 7.94 கிராமுக்குக் கீழே போன சவரனைச் செல்லாது என்றார்கள். விற்கும்போது நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியதும் தராசு காட்டும் எடையைத்தான், புத்தகத்து எடையை அல்ல.

காந்தத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. தங்கம் ஒட்டாது என்பது சரிதான், ஆனால் செம்பும் பித்தளையும்கூட ஒட்டாதே. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி தங்கத்தை ஒட்டியே இருப்பதால், பெரிய நாணயத்துக்கும் கட்டிக்கும் எடைச் சோதனை மட்டும் போதாது. எக்ஸ்ரே கருவியில் வைத்துத் தூய்மை காட்டும் கடைகள் உண்டு. அது காசைக் கீறாது, ஆனால் மேற்பரப்பைத்தான் படிக்கும். உரைகல்லில் தேய்க்கவோ அரம் போடவோ கேட்டால், முதலில் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். எதுவானாலும் உங்கள் கண்முன்னே நடக்க வேண்டும். காசை உள்ளறைக்கு அனுப்பாதீர்கள்.

விற்றே ஆக வேண்டுமா?

பணம் இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் தேவை என்றால், உரிமம் பெற்ற அடகுக் கடை இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டப்படி வட்டி மாதம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மீட்பதற்குப் பொதுவாக 6 மாதம். 2,000 ரிங்கிட் வாங்கினால் மாதம் 40, ஆறு மாதத்துக்கு 240. சேமநிதிப் பணம் வரப்போகிறது, மகன் போனஸ் வாங்கப்போகிறான் என்றால், 15 சதவீதம் கழிவில் விற்பதைவிட இது மலிவு. 'அர்-ரஹ்னு' இஸ்லாமிய அடகு நிலையங்களில் வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கட்டணம். அதையும் விசாரித்து ஒப்பிடலாம். ஆனால் மீட்க வழியே இல்லை என்று தெரிந்தும் அடகு வைத்தால், வட்டியும் கட்டி, காசும் கைவிட்டுப் போகும்.

தங்க விலை உலகச் சந்தையில் அமெரிக்க டாலரில் முடிவாகிறது என்பதால், ரிங்கிட் வலுத்தாலே இங்கே விலை இறங்கும். நாளைக்கு ஏறுமா என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பணம் கட்ட வேண்டிய தேதி முடிவாகிவிட்டது என்றால், விலைக்காகக் காத்திருப்பது சூதாட்டம்தான்.

இரண்டு காசில் எதை முதலில் விற்பது? எங்களைக் கேட்டால் கிஜாங் எமாஸ். அதற்கு வெளிப்படையான வாங்கும் விலை இருக்கிறது, பேரம் குறைவு. சவரனுக்குக் கடைக்குக் கடை கழிவு மாறும். அதை நிறுத்துப் பார்க்கவும், எழுத்தைத் தேடவும், நான்கு கடையில் விசாரிக்கவும் நேரம் வேண்டும். அவசரத்தில் இருப்பவரிடம் இல்லாதது அந்த நேரம்தான்.