முன்கூட்டிய ஓய்வுக்கு வாழிடம் தெரிதல்: மண்டூரும் படுவான்கரையும்

உரிய வயதுக்கு முன்னரே வேலையை விட்டு, சேமிப்பிலும் ஓய்வூதியத்திலும் வாழத் தொடங்குபவர், அந்தப் பணம் எந்த ஊரில் கூடிய காலம் தாங்கும் என்று கணக்குப் பார்த்துக் குடியேறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் மாநில வருமான வரி இல்லாத புளோரிடா இதற்குப் பெயர்போனது. போர்த்துக்கல் 2009இல் தொடங்கிய வரிச்சலுகைத் திட்டம் ஐரோப்பிய ஓய்வூதியர்களைப் பெருமளவில் இழுத்தது. உள்ளூரில் எதிர்ப்பு வலுத்தபின் 2024இல் புதியவர்களுக்கு அது மூடப்பட்டது. வரியை மட்டும் நம்பி ஊர் மாறியவருக்குச் சட்டம் மாறினால் கணக்கும் மாறிவிடும். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவியோரக் கிராமமான மண்டூரை எடுத்துக்கொண்டால், வரி முதலிடத்திலேயே இல்லை. பணம் எந்த நாணயத்தில் வருகிறது, காணி எந்த வகையைச் சேர்ந்தது, அவசரத்துக்கு வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பவையே அங்கு முடிவைத் தீர்மானிக்கின்றன.

மண்டூர், படுவான்கரை எனப்படும் வாவியின் மேற்குக் கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேசத்தில் உள்ளது. சின்னக் கதிர்காமம் எனப் புகழ்பெற்ற முருகன் ஆலயமும் அதைச் சூழ்ந்த வயல்வெளியுமே ஊரின் அடையாளங்கள். எதிர்க்கரையான எழுவான்கரையில் குருமண்வெளியும் களுவாஞ்சிக்குடியும் இருக்கின்றன. ஓய்வுக்கு இங்கு வருபவர்கள் பெரும்பாலும் புதியவர்கள் அல்லர்: கொழும்பிலோ மட்டக்களப்பு நகரிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கனடா, பிரித்தானியா, சுவிஸ் நாடுகளிலிருந்து ஊரை நோக்கும் புலம்பெயர்ந்தோர். இவ்விரு சாராரின் கணக்கும் வெவ்வேறு.

உள்ளூர் ஊழியரின் முதல் கேள்வி, பணம் எந்த வயதில் கைக்கு வரும் என்பது. அரச ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 2022இல் 65 வரை உயர்த்தப்பட்டு, 2023 தொடக்கத்திலிருந்து 60 ஆக்கப்பட்டது. விரும்பினால் 55இல் ஓய்வு பெறலாம். தனியார் துறையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியமே முதுமைக்கான கையிருப்பு. ஊழியர் 8%, தொழில்தருநர் 12% செலுத்துவர்; ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3% தொழில்தருநரின் பொறுப்பு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை முழுதாக எடுக்கலாம். மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அல்ல அது, ஒரேயடியாக வரும் தொகை. பெரிய வீடு கட்டுவதில் அதைக் கரைத்துவிட்டால் பிறகு வட்டி வருமானத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

வருமான வரியைப் பொறுத்தவரை, இலங்கை அரசு வழங்கும் ஓய்வூதியத்துக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஏனைய வருமானத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணமாகக் கழியும். அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 18%, பின் படிப்படியாக ஏறி 36% வரை. அதே நாளில் வங்கி வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 5%இலிருந்து 10% ஆனது. ஒரு கோடி ரூபாவை 8% வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டவரின் ஆண்டு வட்டி 8 இலட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டால் அவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால், உரிய சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுக்காவிட்டால் 80,000 ரூபா வெட்டப்பட்டே வட்டி கணக்கில் விழும். மூன்று கோடி வைத்திருப்பவருக்கு வட்டி 24 இலட்சம். நிவாரணம் போக எஞ்சும் 6 இலட்சத்துக்கு வரி 36,000 ரூபாதான். வங்கி வெட்டுவதோ 2,40,000 ரூபா. மிகுதியைத் திரும்பப் பெற இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விவரத்திரட்டு அனுப்ப வேண்டும். படுவான்கரையில் ஓய்வு பெற்ற பலருக்கு வருமான வரி என்பது இந்தப் படிவ வேலைதான்.

இந்த வரி மண்டூரிலும் கொழும்பிலும் ஒன்றே. ஊருக்கு ஊர் மாறுவது பிரதேச சபையோ மாநகர சபையோ அறவிடும் சோலைவரி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடங்கள் செறிந்த இடமாகப் பிரகடனமான பகுதிகளிலேயே சோலைவரி உண்டு; ஆகவே கிராமத்து வளவுக்கு அது பெரிய சுமையில்லை. செல்வ வரியும் மரணத்தின் பின் சொத்தின் மீது விழும் வரியும் இலங்கையில் முன்பே நீக்கப்பட்டுவிட்டன. உண்மையில் ஓய்வூதியர் நாள்தோறும் கட்டுவது, 2024 ஜனவரியில் 18% ஆன பெறுமதி சேர் வரியை. அது சவர்க்காரத்திலும் தொலைபேசிக் கட்டணத்திலும் ஒளிந்திருப்பதால் வரியாகவே தெரிவதில்லை.

செலவுப் பக்கத்தில் மண்டூரின் பலம் வீடும் சோறும். பரம்பரை வளவில் வீடு இருப்பவருக்கு வாடகை இல்லை. கிணற்றுத் தண்ணீர், முற்றத்துத் தென்னை, முருங்கை என்று சில்லறைச் செலவுகளும் குறையும். வயல் உள்ளவர் அதைக் குத்தகைக்குக் கொடுத்தால் பெரும்போகம் முடிந்ததும் நெல் வீடு தேடி வரும். வாவி மீனும் இறாலும் காலையிலேயே கிடைக்கும். மறுபக்கம், கோயில் திருவிழாப் பங்கு, கல்யாணம், சாவீடு எல்லாவற்றிலும் ஓய்வூதியரின் பெயர் முன்வரிசையில் இருக்கும். நகரத்தில் தப்பிக்கக்கூடிய இந்தச் செலவு கிராமத்தில் தப்பாது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அது இரட்டிப்பாகும்.

வைத்தியமே பலவீனமான இடம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் போய்ச் சேர வேண்டும். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் வாவியின் அக்கரையில். குருமண்வெளிக்குச் செல்லப் பாதை உண்டு: ஆட்களும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து நிற்கும் தட்டையான மிதவை. பகலில் கடைக்குப் போய்வர அது குறுக்கு வழி. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், வெள்ளாவெளிப் பக்கமாகச் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். மாரியில் அந்தப் பக்கத்து வீதிகளை வெள்ளம் மூடுவதுண்டு. காட்டோரக் கிராமங்களில் இரவில் யானைத் தொல்லை வேறு. 2014இல் திறந்த மண்முனைப் பாலம் படுவான்கரையின் வடபகுதிக்குப் பெரிய வசதி, மண்டூருக்கு அவ்வளவில்லை. இதனாலேயே களுவாஞ்சிக்குடியில் கூடுதல் விலைக்குச் சிறு காணி வாங்கி, வயலை மட்டும் மண்டூரில் வைத்திருப்பது சிலருக்குப் பொருந்துகிறது. ஐம்பது வயதில் ஓய்வு பெறுபவர் எழுபத்தைந்து வயதுக்கும் சேர்த்தே ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது.

புலம்பெயர்ந்தவருக்கு முதல் தடை காணிச் சட்டம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கும் பரம்பரைச் சொத்துக்கும் விலக்கு உண்டு. நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கும் விலக்கு இருக்கிறது. மண்டூரில் அதனால் பயனில்லை. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 55 வயதைக் கடந்திருப்பதே ஒரு தகுதி. அது கிடைத்தாலும், காணி உறுதிக்காணியா பெர்மிட் காணியா என்று பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. கையெழுத்துத் தாளில் மட்டும் வாங்கிய இத்தகைய காணி சட்டத்தின் முன் நிற்காது. உறுதிக்காணியாயின் முத்திரை வரி, முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3%, மிகுதிக்கு 4%.

இரண்டாவது, விட்டுவரும் நாட்டின் விதி. பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையிலும் கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் கூடாது, இங்கு குடியேறிய நாளின் தொகையிலேயே உறைந்துவிடும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து பெற, 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். சுவிஸ் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அந்நாட்டு முதியோர் ஓய்வூதியம் எங்கும் வரும். இலங்கைக் கடவுச்சீட்டிலேயே இருந்தவர் நிரந்தரமாக வெளியேறும்போது கட்டிய பங்களிப்பை மீளப் பெறலாம், மாதாந்தப் பணம் இல்லை. சுவிஸ் தொழில்வழி ஓய்வூதியத்தை மொத்தமாக எடுக்கும்போது வரி, பணத்தை வைத்திருக்கும் நிறுவனம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளியேறுமுன் வரி குறைந்த ஷ்வீட்ஸ் மாநில நிறுவனம் ஒன்றுக்குப் பணத்தை மாற்றிக்கொள்வது அங்கு தெரிந்த உத்தி. இலங்கையில் ஆண்டுக்கு 183 நாள் தங்கினால் வரி வதிவாளராகி, உலக வருமானம் முழுவதும் இலங்கைச் சட்டத்துக்குள் வரும்; ஒரே பணத்துக்கு இரு நாட்டிலும் கட்டாதிருக்கவே இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள்.

ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டு ஆண்டுக்கு 4% எடுத்தால் போதும் என்ற விதி, வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளைக் கொண்டு, 30 ஆண்டு ஓய்வுக்குக் கணித்தது. இலங்கையிலோ, 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் விலைவாசி உயர்வு 70%ஐ எட்டியது. ரூபாவில் மட்டும் சேமித்தவருக்கு அந்த விதி உடைந்தது, பவுணில் வருமானம் உள்ளவருக்கோ அதே ஆண்டு விலையேற்றத்தை நாணயமாற்று பெருமளவு ஈடுசெய்தது. நெல் விளையும் ஓரிரண்டு ஏக்கர் ரூபாச் சேமிப்புக்கு நல்ல துணை, வெள்ளமும் உர விலையும் இடம் கொடுத்தால்.

கடைசியாக, வீடு யாருடையது என்ற கேள்வி: மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மணமகன் அங்கு குடிவருகிறான். ஆகவே, ஓய்வு பெறும் தம்பதியின் பெயரில் வீடே இல்லாதிருக்கலாம். மகளின் வீட்டிலேயே தங்குவதும், அதே வளவில் சிறு வீடொன்று எழுப்புவதும் வழக்கமான தீர்வுகள். இப்போது நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி எழுதும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்ள முடியும். வீடு மகளின் பெயருக்கு மாறும். இறக்கும்வரை அங்கு வாழும் உரிமை பெற்றோரிடம் இருக்கும். நன்கொடை உறுதிக்கான முத்திரை வரியும் விற்பனை உறுதியை விடக் குறைவு.