ராஜாவுக்கு வைத்த செக்

வங்கியில் கொடுப்பது செக், லாரியை மறிப்பது செக் போஸ்ட், லுங்கியில் இருக்கும் கட்டமும் செக், அரசியலில் எதிராளிக்கு வைப்பதும் செக். எண்ணெய் ஆட்டும் செக்குக்கு மட்டும் இவற்றோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை வேலை ஏன் என்று கேட்டால், அந்த மொழிக்கே ஒழுங்கு கிடையாது என்று பலர் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விளையாட்டின் சொல் அரசாங்கக் கணக்கு அலுவலகத்துக்குள் நுழைந்ததன் விளைவே இந்தப் பெருக்கம்.

விளையாட்டு நம்முடையதுதான். இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ராஜாவைத் தாக்கும்போது சொல்லும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல், பிரெஞ்சு வாயில் திரிந்து ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது. செக் வாங்கிய ராஜாவுக்கு வேறு எதிலும் கவனம் செலுத்த முடியாது. தடுத்தல், அடக்குதல் என்ற பொருள்கள் அங்கிருந்தே கிளைத்தன. ஆட்டப் பலகையின் கட்டங்கள் துணிக்குப் பெயர் தந்தன. மெட்ராஸ் செக்ஸ் என்று கடல் தாண்டி விற்ற கைத்தறித் துணி வரை அந்தப் பெயர் நீண்டது.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் ஹென்றியின் காலத்தில், அரசின் வரவுகளைத் தணிக்கை செய்த அவைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. சதுரங்கப் பலகை என்பதே அதன் பொருள்; கணக்குப் பார்த்த மேசை அப்படிக் கட்டமிட்டிருந்ததால் வந்த பெயர். 1170களில் அரசுப் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிய லத்தீன் நூலில் அந்த மேசையைப் பார்க்கலாம்: பத்தடி நீளம், ஐந்தடி அகலம், கணக்கிட வைக்கும் வில்லைகள் உருண்டு விழாமலிருக்க நான்கு விரல் உயர விளிம்பு, மேலே கோடிட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை வைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று பத்தி பிரித்து வில்லைகளை அடுக்கினால், வசூலைக் கட்ட வந்த, எழுத்தறியாத ஷெரீஃபுக்கும் தன் நிலுவை கண்ணுக்குத் தெரியும். பொருளாளருக்கும் ஷெரீஃபுக்கும் இடையே நடப்பது சதுரங்கப் போர் போன்றது என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். பணம் கட்டியதற்கு ரசீது, வெட்டுக்குறி போட்டு இரண்டாகப் பிளந்த ஒரு மரக்குச்சி. இரு பாதிகளும் பொருந்தினால்தான் கணக்கு செல்லும்.

சொல்லின் பெருக்கத்துக்கு இந்தக் கணக்கு அலுவலகமே காரணம் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செக் என்பதற்குச் ‘சரிபார்த்தல்’ என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தெரிகிறது. ஃபிட்ஸ்நீலின் மேசைக்கு 500 ஆண்டு கழித்து வந்ததை அதோடு முடிச்சுப் போடலாமா? மேசையிலிருந்து அது நேரே பிறந்தது என்று நானும் சொல்லவில்லை. தடுத்தல்தான் அதன் வேர். ஆனால் குச்சி முறை 1826 வரை எக்ஸ்செக்கரில் நீடித்தது. குவிந்துகிடந்த பழைய குச்சிகளை 1834இல் எரித்தபோது நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது. ஆக, 1690களில் ஒரு பாதியை மறுபாதியோடு ஒப்பிட்டு மோசடியைத் தடுப்பது அன்றாட அலுவல். 18ஆம் நூற்றாண்டு வங்கிகளில் ‘செக்’ முதலில் குறித்ததும், போலியைத் தடுக்கும் அடிக்கட்டையைத்தான். பெயர் பிறகே கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. பிரிட்டிஷார் அதன் எழுத்துக்கூட்டலையும் எக்ஸ்செக்கரின் சாயலில் மாற்றிக்கொண்டார்கள். நம் வங்கிகள் அச்சடிப்பது அந்த வடிவத்தை. அமெரிக்கர்கள் இன்றும் சதுரங்கக்காரர்களின் எழுத்திலேயே எழுதுகிறார்கள்.