அண்டை வீட்டுச் சத்தப் புகார்: வாடகைக் குடும்பங்கள் அறிய வேண்டிய உரிமைகளும் கடமைகளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் அதைச் சுற்றியுள்ள ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களில் பல வரிசை வீடுகளிலும் மாடிப் போர்ஷன்களிலும் வாடகைக்கு இருக்கின்றன. சுவருக்கு ஒரு பக்கம் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குகிறார். மறுபக்கம் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன. ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது, இன்னொரு வீட்டில் ஸஹர் நேரத்தில் பாத்திரங்கள் உருளுகின்றன. வாய்த் தகராறாகத் தொடங்குவது வீட்டு உரிமையாளரிடம் புகாராகப் போகிறது. "அடுத்த மாதம் காலி செய்து விடுங்கள்" என்பது பதிலாக வருகிறது. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு நடுவில் நிற்கும். முஸ்லிம் குடும்பத்துக்கு வேறு வீடு கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதும் நமக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டார் புகார் சொன்னார் என்பதற்காக மட்டும் உங்களை வெளியேற்ற முடியுமா? முடியாது. ஆனால் உங்களிடம் முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டால், புகார் வெறும் சாக்காகவும் ஒப்பந்தம் இல்லாததே உண்மையான காரணமாகவும் ஆகிவிடும்.

மார்க்கம் சொல்வது

அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யும்படி திருக்குர்ஆனின் 4:36 வசனம் கட்டளையிடுகிறது. அதில் உறவினரான அண்டை வீட்டாரும் உண்டு, அந்நியரான அண்டை வீட்டாரும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் சத்தமாகக் குர்ஆன் ஓதினார்கள். ஒருவர் ஓதுதல் மற்றவருக்குத் தொல்லையாகக் கூடாது என்று நபியவர்கள் திரையை விலக்கிக் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பள்ளிவாசலுக்குள் ஓதும் குர்ஆனுக்கே இந்த ஒழுங்கு என்றால், நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் ஸ்பீக்கருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எனவே புகார் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?" என்பதே. அவருடைய ஷிப்ட் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும், மிக்ஸி, தையல் மெஷின் ஓட்டும் நேரத்தை மாற்றிக்கொள்வதும் நம் கண்ணியத்துக்குக் குறைவல்ல.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 21ஆவது பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்து, சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்.

வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது அந்தக் காரணங்களில் ஒன்று. பொதுத் தொல்லை தருவது, வீட்டைச் சேதப்படுத்துவது, உரிமையாளரின் நலனைப் பாதிப்பது ஆகியவை இதில் அடங்கும். சத்தப் புகாரை இதன் கீழ்தான் கொண்டு வர முடியும். ஆனால் நிறுத்தும்படி உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் அது தொடர்ந்திருக்க வேண்டும். நோட்டீஸ் வந்ததும் நீங்கள் திருத்திக்கொண்டு அதை எழுத்தில் தெரிவித்தால், அதுவே உங்களுக்கு வலுவான பாதுகாப்பு.

ஒப்பந்தம் இல்லையா? கவனம்!

எழுத்து ஒப்பந்தம் போடத் தவறுவதையே இந்தச் சட்டம் வெளியேற்றக் கோரும் ஒரு காரணமாக வைத்துள்ளது. ஒப்பந்தம் போட்டு 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளம் வழியாகவும் இதைச் செய்யலாம். "தெரிந்தவர்தானே, வாய் வார்த்தை போதும்" என்று இருப்பவர்கள் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் 2:282 வசனத்தை நினைவில் கொள்ளட்டும்.

நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தரும் குடியிருப்பும் வக்ஃப் சொத்தும் இந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளவை. கிராம ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் தங்கள் இடத்துக்கு இது பொருந்துமா என்பதைப் பொன்னேரி கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பூட்டுப் போட்டால், தண்ணீரை நிறுத்தினால்

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு செய்து திரும்பப் பெறலாம். வீட்டில் நிலையாகக் குடியிருப்பவரை, சட்ட நடைமுறை இல்லாமல் உரிமையாளரே வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கில் உறுதிப்படுத்தியது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆவது பிரிவின் கீழ், 6 மாதத்துக்குள் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

சத்தத்துக்கு அளவு உண்டா?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பு. தொழிற்பகுதிக்கு இது 75, 70. குழந்தை அழுவதும் நடப்பதும் அன்றாட வாழ்வின் ஓசைகள். இரவில் ஸ்பீக்கர் வைப்பது அப்படியல்ல.

வழிபாடு என்பதால் விலக்கு கிடைக்காது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றிக் குடியிருப்போர் சங்கம் தொடர்ந்த வழக்கில், 30.08.2000 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். வீட்டில் மௌலிதோ பயானோ நடத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

காலி செய்யச் சொன்னால் செய்ய வேண்டியவை

1. கோபத்தில் "சரி, போகிறோம்" என்று சொல்லவோ எழுதிக் கொடுக்கவோ வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

2. வாடகையை நிறுத்தாதீர்கள். பாக்கி வைப்பது தனிக் காரணமாகிவிடும். உரிமையாளர் வாங்க மறுத்தால் வங்கி மூலமோ மணியார்டரிலோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

3. புகார் வந்த தேதி, நேரம், நீங்கள் செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

4. இரு தரப்பும் மதிக்கும் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். பக்கத்து வீட்டார் முஸ்லிம் அல்லாதவர் என்றால் ஜமாஅத் மட்டும் போகாமல், தெருவில் உள்ள பொதுவான ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சுவர்ப் பிரச்சினை சமூகப் பிரச்சினையாகிவிடும்.

5. வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். காலம் குறித்துப் பேசிய வாடகை உடன்படிக்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற 5:1 வசனத்தின் கட்டளை குடியிருப்பவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு தரப்புப் புகாரை மட்டும் கேட்டு ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் முன், மறு தரப்பையும் அழைத்துக் கேளுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி, நிம்மதியாக வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.