மலையில ராத்தங்க ஒரு வீடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்னு போன் வர ஆரம்பிச்சிடும். "பெரும்பாறைப் பக்கம் ரெண்டு நாள் தங்கணும், சாதாரண லாட்ஜ் வேணாம், கட்டடமே கொஞ்சம் வித்தியாசமா இருக்கிற இடமா சொல்லுங்க" என்பார்கள். மர வீடு, மண் வீடு, கண்ணாடி வீடு, கூம்பு மாதிரி வீடுன்னு இப்ப எல்லாம்தான் வந்திருக்கு. எந்த இடம் நல்ல இடம்னு நான் சொல்லப்போறதில்லை. இந்த மலையில வித்தியாசமான வீடுங்கிறது புதுசு கிடையாது. எது எதுக்காக அந்த உருவத்துல எழும்புச்சுங்கிறதுக்கு ஒரு கதை இருக்கு. அதைத்தான் எழுதறேன்.

ஊர் தெரியாதவங்களுக்காக முதல்ல வழி. கொடைக்கானல் பழனி மலையோட மேல்தட்டு. நாங்க கீழ்மலை. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, சித்தரேவு வந்து மலைப்பாதையில ஏறினா பெரும்பாறை. அதுக்கப்புறம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. உருளைக்கிழங்கும் பூண்டும் விளையுற குளிர் இங்க கிடையாது. காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, அவரை, இதுதான் எங்க விளைச்சல். மேல்மலையும் கீழ்மலையும் விளைச்சல்ல எப்படி வேறயோ, வீட்டுலயும் அப்படித்தான் வேற.

இந்த மலையில இன்னைக்கும் நிக்கிற ரொம்பப் பழைய வீடு செத்தவங்களுக்குக் கட்டினது. தாண்டிக்குடிப் பக்கமும் பேத்துப்பாறைப் பக்கமும் மொட்டைப் பாறை மேல கல்திட்டைகளைப் பார்க்கலாம். பலகை பலகையா எடுத்த கல்லைச் சுவர் மாதிரி நிறுத்தி, மேல ஒரு பெரிய பலகையை மூடி போட்டிருப்பாங்க. அஸ்திவாரம் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. ஒரு கல்லோட பாரம் இன்னொரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. வயசு 2,000 வருஷத்துக்குக் குறையாது. குனிஞ்சு பார்த்தா ஒரு சின்னக் குடும்பம் ஒண்டிக்கிற அளவு இடம் இருக்கும். அதனாலதான் ஊர்ல இதைக் 'குள்ளர் வீடு' என்பார்கள். சில பேர் பாண்டவர் வனவாசத்துல தங்கின இடம்னு சொல்வாங்க. பாட்டி காலத்துலயே இதை 'வீடு'ன்னுதான் சொன்னாங்களே தவிர, சமாதின்னு சொன்னதில்லை.

இதைப் பத்தி முதல்ல முறையா எழுதினவங்க ஷெண்பகனூர்ல இருந்த ரெண்டு ஏசு சபைப் பாதிரியார்கள், ஆங்லேட், நியூட்டன். அவங்க புத்தகத்தை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பின்னால புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் தாண்டிக்குடியில அகழாய்வு பண்ணினார். ஈமச்சின்னங்கள்ல மணிகளும் மண்பாண்டமும் கிடைச்சது. ஆக இந்த மலை ஆளில்லாத காடா இருந்து வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடிச்சதுன்னு டூரிஸ்ட் புத்தகத்துல போட்டிருந்தா நம்பாதீங்க. யோசிச்சுப் பார்த்தா, அந்தக் கல்லைத் தூக்கி வச்சவங்க வாழ்ந்த வீடு ஒண்ணுகூட மிச்சம் இல்லை. அவங்க புல்லுலயும் மூங்கில்லயும் படுத்துத் தூங்கி, கல்லைச் செத்தவங்களுக்குக் குடுத்துட்டாங்க.

புல்வீடு எங்க தாத்தா காலம் வரைக்கும் இருந்துச்சு. பளியர் பாறைப் புடவுல தங்கினாங்க, மழைக்குப் புல்லுக் குடிசை போட்டாங்க. குன்னுவர் ஊர்கள்ல மண்சுவர் வச்சு, மேல மலைப்புல் வேய்ஞ்ச வீடு. கூரை முன்பக்கம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருக்கும். குனியாம உள்ள போக முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில சாரல் மண்சுவரைத் தொடக்கூடாதுங்கிறதுக்காக அப்படி. ஜன்னலும் புகைபோக்கியும் இருக்காது. அடுப்புப் புகை கூரைக்குள்ளயே சுத்தும். அந்தப் புகைதான் புல்லுலயும் கழியிலயும் பூச்சி ஏறாம பார்த்துக்கும். அடுப்புக்கு மேல கட்டின பரண்ல விதைக் கதிர் காயும். கண் எரிச்சலும் இருமலும் இலவசம். பழசு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் புகையில சமைச்ச பொம்பளைங்க யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க.

நீங்க இப்ப ஆயிரக்கணக்குல குடுத்துத் தங்குற 'ட்ரீ ஹவுஸ்' இருக்கே, அதோட மூதாதை எங்க காவல் பரண். சங்கப் பாட்டுல தினைப்புனம் காக்கிற பொண்ணு உட்கார்ந்திருப்பாளே, இதணம், அதேதான். கவட்டை பார்த்து மரத்துல கழி கட்டி, மேல புல் போட்டு, ஏணியை ராத்திரி மேல இழுத்துக்குவாங்க. கீழ தீ எரியும். பக்கத்துல ஒரு தகரடப்பா. யானைக்கும் காட்டுப்பன்னிக்கும் பயந்து விடிய விடிய முழிச்சிருக்கிறதுக்குக் கட்டினது அது, தூங்குறதுக்கு இல்லை. இப்ப அதையே அட்டாச்டு பாத்ரூமோட கேக்கிறாங்க. மரம் அந்த எடையைத் தாங்காதுன்னு சுத்தி நாலு கான்கிரீட் தூண் எழுப்பி, அந்தத் தூணுக்கு மரப்பட்டை மாதிரி பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கிறதை நானே பார்த்திருக்கேன். நடுவுல நிக்கிற மரம் பாவம், சும்மா நிக்குது.

வார இறுதியில மலைக்குப் போய்த் தங்கணும்ங்கிற ஆசை எங்கிருந்து வந்துச்சு? இந்த மலையில அது காய்ச்சல்ல இருந்து வந்துச்சு. 1821-ல் வார்டுன்னு ஒரு ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். அப்பவும் வெள்ளைக்காரங்க யாரும் இங்க குடியேறல. மதுரையில வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுலயும் காய்ச்சல்லயும் அடுத்தடுத்து செத்துப்போனாங்க. பக்கத்துல இருக்கேன்னு முதல்ல சிறுமலைக்குப் போனாங்க. அங்க மலேரியா. அதுக்கப்புறம்தான் இவ்வளவு உயரம் ஏறினாங்க. 1845-ல் கொடைக்கானல்ல ரெண்டு பங்களா கட்டினாங்க. ஒண்ணுக்கு சன்னிசைட், இன்னொண்ணுக்கு ஷெல்டன்னு பேர். கொடைக்கானல் ஊரோட ஆரம்பம் அதுதான். ஏரி வந்தது 1863-ல், கலெக்டர் வேர் லெவிஞ்ச் காலத்துல.

ரோடு எப்ப வந்துச்சு தெரியுமா? வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறுற லாஸ் காட் ரோடு 1914-லதான் முழுசா முடிஞ்சது. அதுவரைக்கும் கிட்டத்தட்ட 70 வருஷம், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து வெள்ளகவி வழியா ஒத்தையடிப் பாதைதான். அதுக்கு வெள்ளைக்காரங்க வச்ச பேரே 'கூலி காட்'. துரைமார், துரைசாணிமார், குழந்தைங்க எல்லாம் டோலியில போனாங்க. மலையில கிடைக்காத கண்ணாடி, ஆணி, இரும்புச் சாமான் எல்லாம் ஆள் தலையில போச்சு. அந்தக் காலத்துக் கொடைக்கானல் வீடுகள் ஏன் கல்லுலயே இருக்குன்னு கேட்டா, கல்லு அங்கயே கிடந்துச்சு, அவ்வளவுதான். பழைய பங்களா வராந்தாவுல உட்கார்ந்து காபி குடிக்கிறப்ப அழகா இருக்குன்னு சொல்றோம். சுமந்த ஆளோட பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்லை.

பங்களாங்கிற சொல்லே வங்காளத்து வீடுங்கிறதுதான். சுத்தி வராந்தா, தாழ்ந்த கூரை, நடுவுல ரூம். வங்காளத்துக் குடியானவன் வீட்டைப் பார்த்து வெள்ளைக்காரன் தனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டு உலகம் பூரா கொண்டுபோனான். கீழ்மலைக்கு அது காபித் தோட்டத்தோட வந்துச்சு. 1865-ல் பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. அந்த ஓடு ரயில்லயும் வண்டியிலயும் எங்கெங்கயோ போய்ச் சேர்ந்துச்சு. புல்வீட்டோட பயம் தீ. ஓடு அதைப் போக்கிடுச்சு.

தோட்ட பங்களாவை எங்க கட்டுவாங்கன்னு கவனிங்க. காபிக் களத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். பறிச்ச பழம் களத்துல காயும்போது மேகம் கூடுதா, வேலையாள் கிளறுறாங்களா, எத்தனை மூட்டை ஏறுதுன்னு வராந்தாவுல இருந்தே தெரியணும். இன்னைக்கு 'வியூ' சொல்லிக் காசு வாங்குறாங்களே, அந்த வியூ காட்சிக்காகச் செஞ்சது கிடையாது, கண்காணிப்புக்காக. அந்த வராந்தாவுல இருந்து கண்ணுக்குப் படாத சரிவுல லைன் வீடு இருக்கும். ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒத்தை ரூம், ஒத்தை அடுப்பு. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் தொழிலாளிக்கு வீடு குடுக்கிறது முதலாளியோட கடமைன்னு ஆச்சு. பங்களாவுக்கு ஹெரிடேஜ்னு போர்டு வைக்கிறாங்க. லைன் வீட்டுக்கு யாரும் போர்டு வைக்கல. ரெண்டும் ஒரே வயசு, ஒரே ஓடு.

அடுத்து வர்ற வீடு எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா அதை வீடா யாரும் நினைக்கிறதில்லை. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல். மலையில இவ்வளவு உயரத்துக்கு மேல கட்டக்கூடாதுன்னு விதி இருக்க, ஏழு மாடிக்கு எழும்பிடுச்சு. 1994-ல் அரசு அதுக்கு விதிவிலக்கு குடுத்தது. பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில் வழக்குப் போட்டுச்சு. அந்த விதிவிலக்கை உயர் நீதிமன்றம் ஏத்துக்கல, 1995-ல் உச்ச நீதிமன்றமும் ஏத்துக்கல. சூழல் வழக்கு அத்தோட முடிஞ்சிருக்கும். ஆனா அந்த விதிவிலக்கு குடுத்த விவகாரத்துல 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைன்னு தீர்ப்பு சொன்னது. 2001 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் அவரை விடுவிச்சது வேற விஷயம். தீர்ப்பு வந்த அன்னைக்கே தர்மபுரி இலக்கியம்பட்டியில ஒரு பஸ்ஸைக் கொளுத்தினாங்க. கல்விச் சுற்றுலா முடிச்சு வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பொண்ணுங்க மூணு பேர் உள்ளயே கருகிப்போனாங்க. விவசாயம் படிச்ச பிள்ளைங்க. உயிரோட இருந்திருந்தா நம்ம ஊர்ப் பக்கம் தோட்டக்கலை அதிகாரியா வந்து காபிச் செடிக்கு மருந்து சொல்லியிருப்பாங்களோ என்னவோ. பஸ் எரிப்பு பத்தி எழுதினவங்க எல்லாம் அரசியலை எழுதினாங்க. வழக்கோட அடியில கிடந்தது ஒரு தங்கும் விடுதியோட மாடிக் கணக்குங்கிறது மறந்தே போச்சு.

இப்ப கொடைக்கானலுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ். 2025 ஏப்ரல்ல இருந்து வண்டிக்கும் கணக்கு, சனி ஞாயிறுல 6,000 வண்டிக்கு மேல விடக்கூடாதுன்னு உயர் நீதிமன்ற உத்தரவு. அதனால கண்ணு எல்லாம் கீழ்மலைக்குத் திரும்புது. எங்க பக்கத்து நிலத்துக்காரங்களுக்குக் காபி விலையைவிட ரூம் வாடகை கணக்கு சுலபமா புரியுது. நிழல் மரத்தை எடுத்தா மூணு 'ஏ' வடிவ வீடு நிக்கும். அந்த 'ஏ' வீடு பனி வழுக்கி விழுறதுக்காகக் குளிர்நாட்டுல செஞ்ச கூரை. 1950-கள்ல அமெரிக்காவுல வார இறுதி வீடா பிரபலமாச்சு. பெரும்பாறையில பனி கொட்டினதா யாரும் கண்டதில்லை. மூடுபனிதான் வரும், அதுக்குக் கூரை சரியாம இருந்தாலும் ஒண்ணுமில்லை. ஆனா தகரத்துல செஞ்ச 'ஏ' வீட்டுல சித்திரை மாசம் மத்தியானம் உட்கார்ந்து பாருங்க, கேழ்வரகு வறுக்கிற சட்டிதான்.

மண் வீடு கட்டுறவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. லாரி பேக்கர் இமயமலையில பிதோராகர்ல பல வருஷம் இருந்து, அந்த ஊர்க்காரங்க கல்லையும் மண்ணையும் எப்படி வைக்கிறாங்கன்னு பார்த்துக் கத்துக்கிட்டு, அப்புறம் கேரளாவுக்கு வந்து கட்டினவர். அவரோட எலிப்பொறிக் கட்டுல நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம். இங்க அந்தப் பாணின்னு சொல்லிக்கிட்டு கான்கிரீட் சட்டத்துக்கு மண்ணைப் பூசுறவங்களும் இருக்காங்க. கண்டுபிடிக்க வழி இருக்கு. சுவர் முக்காமுழம் தடிமன் இருக்கா, கூரை வெளியில நல்லா நீண்டிருக்கா, மூலையில மழைச்சாரல் கரைச்ச தடமும் அதை மறுபடி பூசின தடமும் இருக்கான்னு பாருங்க. வருஷா வருஷம் பூசாத மண் சுவர் கிடையாது.

கூரையைவிட எனக்குக் கவலை கீழ. 1990-லயே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைச்சு, மலைக் கிராமங்கள்ல கட்டடத்துக்கு அனுமதி வாங்கணும்னு வச்சாங்க. மாடி, உயரம் எல்லாம் பேசறோம், ஆனா கழிவுத்தண்ணி எங்க போகுதுன்னு தங்க வர்றவங்க கேக்கிறதே இல்லை. புல்லாவெளி அருவியில விழுற தண்ணி குடகனாறா இறங்கி ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகுது. திண்டுக்கல் டவுனுக்கு அங்கிருந்தும் குடிதண்ணி போகுது. மேல ஓடை ஓரத்துல கட்டின வீட்டுக்கு செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் தோண்டியிருக்காங்கன்னு ரூம் புக் பண்றப்ப ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத ஓனர்கிட்ட நான் என் விருந்தாளியை அனுப்பறதில்லை.