ரவை

இணுவிற் குசினியில் உப்புமாவுக்கு வறுபடும் ரவையும், வன்னிக்காட்டு வேட்டைக்காரர் துவக்கிலிட்ட ரவையும் ஒரு சொல்லே. பொடிமணி என்னும் ஆதிப்பொருளிலிருந்து சிறு ஈயமணிக்குப் பெயராகி, ரைபிளின் தனிக்குண்டையும் அது தன்னுள் அடக்கிக்கொண்டது. ஈயமணிகள் கிட்டத்து முயலுக்குப் போதுமேயன்றித் தூரத்து மரைக்கு உதவா. தொலைவு கூடக்கூட அவற்றின் வேகம் குன்றும். ரைபிள் ரவையிலும், முழுவதும் கடின உறையிட்டது விரியாமல் ஊடுருவிப்போய் மிருகத்தை வதைக்கும். நுனியில் மென்மையான ஈயம் தெரியும் ரவையோ, வேகம் ஓரளவு தணிந்த பின்னும் மலர்ந்து, பிராணனை விரைவிற் போக்கும். கல்கத்தாவுக்கருகே டம்டம் ஆயுதசாலையாற் பெயர்பெற்ற இவ்விரியும் வகையை 1899 ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் யுத்தத்தில் விலக்கியது. வேட்டையில் அதுவே ஜீவகாருண்யமாம், விசித்திரந்தான்! யாழ்ப்பாணத்தார் ரவையைச் சன்னம் என்றும் வழங்குவர். நுண்மை என்பதே அச்சொல்லின் முதற்பொருள்.