நடுவட்டத்துச் சீனரும் நமது நீரிணையும்

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் நடுவட்டம் என்றோர் ஊர் உண்டு. உதகையின் ஆரவாரம் அங்கே எட்டுவதில்லை. தேயிலைச் சரிவுகளும் மூடுபனியுமாக அமைதியில் ஆழ்ந்திருக்கும் அவ்வூரைப் பயணிகளின் வண்டிகள் பெரும்பாலும் நில்லாமலே கடந்துவிடுகின்றன. மலாக்காவிலிருந்து நீலகிரி காணச் செல்வோர் அங்குச் சற்றே இறங்கிப் பார்த்தல் வேண்டும். நம் நீரிணையின் வரலாற்றில் ஒரு பகுதி அங்கே கிடக்கிறது.

நீலகிரி தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரின் தாயகம். 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறிய பின்னரே, சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயர் அங்கே ஓய்விடங்களை அமைக்கலாயினர். ஓய்வெடுப்போர்க்குச் சாலையும் மாளிகையும் தோட்டமும் வேண்டும். அவற்றை ஆக்குவதற்குப் பிறருடைய கைகள் வேண்டும்.

1860-இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து சின்கோனாக் கன்றுகளையும் விதைகளையும் திரட்டினார். உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் வில்லியம் மெக்கைவர் அவற்றை நீலகிரியில் வளர்த்தெடுத்தார். நடுவட்டத்திலும் அரசுத் தோட்டம் எழுந்தது. சின்கோனாப் பட்டையிலிருந்து எடுப்பதே கொயினா. பிற்காலத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோரைக் கூட்டங்கூட்டமாகப் பலிகொண்ட மலேரியாக் காய்ச்சலுக்கும் அதுவே மருந்து. அதன் கசப்பைப் பற்றித் தோட்டத்து முதியோர் சொல்லக் கேட்டவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

அத்தோட்டத்தில் உழைத்தோருள் சீனக் கைதிகளும் இருந்தனர். பழைய சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் காணக்கிடைக்கிறது. அவர்கள் அபினிப் போரில் சிறைப்பட்டவர்கள் என்னும் செய்தியே உள்ளூரில் பரவலாக வழங்குகிறது. ஆயின் 1908-இல் வெளியான நீலகிரி மாவட்ட விவரச்சுவடி வேறு கூறுகிறது. அவர்கள் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து, அங்குள்ள சிறைகளில் இடம் போதாமையால், சென்னை அரசிடம் அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள் என்கிறது அது. நாம் இக்கூற்றையே ஏற்கிறோம். நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்டவை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவையே. 1867 ஏப்ரல் முதல் நாள் வரை அவை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. இந்தியக் கைதிகள் இங்கே கொணரப்பட்டனர். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் கைகளால் எழுந்தது. இங்கிருந்து சீனர் அங்கே சென்றனர். கடல் ஒன்றே, தண்டனை பெற்றோரைச் சுமந்த கப்பல்கள் இரு திசையிலும் ஓடின.

1868-இல் புயல் வீசிய ஓர் இரவில் பன்னிரு சீனர் நீலகிரிச் சிறையிலிருந்து தப்பினர். இரு வாரங்களுக்குப் பின் மலபாரில் பிடிபட்டனர். அவர்களைத் தேடிச் சென்ற காவலர் நால்வர், சிஸ்பாறைக் கணவாய்ப் பாதையில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தனர். இதை எழுதியவர்கள் சிறையை ஆண்டவர்கள் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். கைதிகளின் தரப்பு எங்கும் எழுதப்படவில்லை.

தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாதவர் சிலர். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் குடியமர்ந்து, ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் சிறிதளவு காப்பியும் பயிரிட்டு, பசு வளர்த்து வாழ்ந்தனர். மலாக்காவில் இருப்போர்க்கு இது புதுமையன்று. தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான மலாக்காச் செட்டிகள், மலாய் பேசிச் சைவம் காத்து, காஜா பேராங்கில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுக்கு 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. மலைச்சரிவில் குடியேறிய சீனருக்கு அத்தகைய அடையாளம் எதுவும் வாய்க்கவில்லை.

எட்கர் தர்ஸ்டன் அவர்களைக் கண்டு, 1909-இல் வெளியான தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தம் நூல் தொகுதிகளில் எழுதினார். ஒரு குடும்பத்தைத் தேர்ந்து, தந்தை, தாய், பிள்ளைகள் அனைவரின் தலையையும் மூக்கையும் அளந்து அட்டவணையிட்டார். கிறித்தவம் தழுவியபோது தம் சடையை வெட்ட நேர்ந்ததே அந்தச் சீனத் தந்தையின் ஒரே குறை என்று குறித்தார். அருகில் நின்ற தமிழ்த் தாயைப் பற்றி அவர் எழுதியது அவளுடைய நிறமும் குலமும் உடலளவும் மட்டுமே.